பெட்டிக்குள் அறுபது மீசை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வண்ணம் தீட்டி விளையாடும் போர்வீரர் பொம்மைகளில், துணிமணியில் ஆசை இல்லாதவர்கள் கெல்ட் படை (ரோமானியர்களோடு மோதிய பழைய ஐரோப்பியக் கூட்டங்கள்) வாங்க வேண்டாம். ரோமானியப் படை வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் ஒரே சட்டை, ஒரே கேடயம், ஒரே இரும்புத் தொப்பி. பத்துப் பேரை வரிசையாக நிறுத்தி ஒரே கலரை ஒரே மூச்சில் அடித்துவிட்டு எழுந்துவிடலாம். கெல்ட் ஆள் ஒவ்வொருவனும் தனிக் கிராக்கி. ஒருத்தனுக்குக் கட்டம் போட்ட போர்வை, அடுத்தவனுக்குக் கோடு போட்ட கால்சட்டை, மூன்றாமவனுக்கு இடுப்புக்கு மேலே ஒன்றுமே கிடையாது. பெட்டியை வாங்கிய மறுநிமிஷம் உங்கள் தலையில் விழுவது அறுபது துணி டிசைன். எனக்கு அது பிடித்த வேலை, அதனால் பெட்டியும் பிடித்தது. குறைகளும் உண்டு. அதையும் சொல்கிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் குடும்பத்துக்கு லுங்கி, துண்டு, போர்வை மொத்த வியாபாரம். கல்லாவும் கணக்கும் என் பொறுப்பு. கடை அடைத்த பிறகு மாடியில் டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து மினியேச்சர் பெயின்ட் பண்ணுவேன். தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை: கட்டைவிரல் பாதி உயரமுள்ள போர்வீரர்களை ஒட்டி, வண்ணம் தீட்டி, மேஜைமேல் அணிவகுத்து, டேப் பிடித்து அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடும் விளையாட்டு இது. இரண்டு பக்கமும் வரலாற்றில் நிஜமாக இருந்த படைகள். என் எதிரி அக்கா பையன். அவன் கையில் ரோம்.

நான் வாங்கியது பிரிட்டிஷ் கம்பெனி ஒன்று போடும் 28 மில்லிமீட்டர் அளவுள்ள கடின பிளாஸ்டிக் கெல்ட் காலாட்படை. கம்பெனிப் பெயரை வேண்டுமென்றேதான் விடுகிறேன். இந்த அளவில் பிளாஸ்டிக் கெல்ட் போடுகிறவர்களே ஒரு சிலர்தான், யார் பெட்டியை வாங்கினாலும் கீழே சொல்வதில் முக்கால்வாசி உங்களுக்கு உதவும்.

விலையை முதலில் பேசிவிடலாம். நம் ஊரில் இந்தப் பொழுதுபோக்குக்கு ரோமானியனைவிடப் பெரிய எதிரி கஸ்டம்ஸ். 2020 பட்ஜெட்டில் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023-ல் அது 70. அதற்கப்புறம் ஜிஎஸ்டி. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காப்பாற்றுவதற்காம். சரி, கொண்டபள்ளியும் சன்னபட்டணாவும் நன்றாக இருக்கட்டும், ஆனால் அங்கே யாரும் கெல்ட் செய்வதில்லையே. கூரியர், வரி எல்லாம் கூட்டி அறுபதால் வகுத்தால் ஒரு வீரன் தலைக்கு நூற்றைம்பது ரூபாய்க்குப் பக்கம் வந்தது. அந்தக் காசுக்கு எங்கள் கடையில் மொத்த விலையில் ஒரு லுங்கி கொடுக்கிறோம். ராயபுரம் பக்கம் கப்பலில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் யாராவது இருந்தால், லீவில் வரும்போது வரியில்லாமல் கொண்டுவர அனுமதிக்கும் சாமான் கணக்கில் ஒரு பெட்டியைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இவ்வளவு சின்னப் பெட்டிக்கு யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

இணையத்தில் எனக்கு விற்ற கடைக்காரர் பெட்டியை வெறும் பாலிதீன் கவரில் போட்டு அனுப்பியிருந்தார். மூலை நசுங்கி, உள்ளே இருந்த காகித விளக்கத்தாள் நனைந்து ஒட்டிக்கொண்டு வந்தது. புகார் எழுதினேன். பதில் வரவில்லை. பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் விட்டுவிட்டேன்.

பெட்டிக்குள் சாம்பல் நிறச் சட்டங்கள். அவற்றில் உடல் தனி, கை தனி, தலை தனி, கேடயம் தனியாக ஒட்டிக்கொண்டிருக்கும். இதில்தான் இந்தப் பெட்டி ஜெயிக்கிறது. உடல்களைவிடத் தலைகள் அதிகம், தேவைக்கு மேல் கைகளும் உண்டு. வாள் ஓங்கிய கை, ஈட்டி பிடித்த கை, கொம்பு ஊதும் கை என்று மாற்றி மாற்றி வைத்தால் பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி இரண்டு பேர் வரமாட்டார்கள். செதுக்கலும் தரம். மீசை ஒவ்வொன்றும் உதட்டைத் தாண்டித் தொங்குகிறது. கெல்ட் பிரபுக்கள் கன்னத்தை மழித்துக்கொண்டு வாயை மறைக்கிற அளவுக்கு மீசை வளர்த்தார்கள், சாப்பிடும்போது சோறு அதில் சிக்கியது என்று கி.மு. முதல் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் டயோடோரஸ் எழுதியிருக்கிறார். அவர் சொன்னது சோறு அல்ல, பொதுவாக உணவு. எனக்குச் சோறு என்றே வருகிறது.

அக்கா பையன் ஒட்டி முடித்த முதல் வரிசையைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "இன்னா சித்தி, போர்வை போத்திக்கினு மீசைய முறுக்கிக்கினு நம்ம ஏரியா பெருசுங்க மாறியே கீறாங்க?"

"கால்ல பாரு, பேன்ட் போட்டிருக்காங்க. உங்க ரோமன் ஆளுங்கதான் பாவாடை கட்டிக்கினு வர்றாங்க" என்றேன். அதற்குமேல் அவன் பேசவில்லை.

ஒட்டும்போது கவனிக்க வேண்டியது அச்சுக்கோடு. இரண்டு அச்சு சேரும் இடத்தில் முடி கனத்துக்கு ஒரு மேடு ஓடும். இந்தப் பெட்டியில் அது கால்சட்டையின் வெளிப்பக்கமாக, நாளைக்கு நீங்கள் கட்டம் போடப்போகும் இடத்திலேயே சரியாக ஓடுகிறது. பிளேடின் முதுகால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள். விட்டால் பெயின்ட் அடித்த பிறகு தையல் பிரிந்த துணி போலப் பளிச்சென்று தெரியும். இன்னொரு குறை: முழுக்கைச் சட்டை போட்ட உடலுக்கு வெறுங்கை, வெற்று உடம்புக்குச் சட்டைக்கை என்று மாறி விழாதபடி சட்டத்திலேயே குறி போட்டிருக்கலாம். போடவில்லை. வெட்டுவதற்கு முன்னால் நாமே பிரித்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பசை விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். இது பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். டாமியா எக்ஸ்ட்ரா தின் மாதிரி கரைப்பான் வகைப் பசை இரண்டு பக்கத்தையும் லேசாக உருக்கி ஒன்றாக்கிவிடும். தோளில் ஒரு சொட்டு, பத்து நொடி பிடித்தால் போதும். சூப்பர் குளூ ஒட்டும், ஆனால் மேலோடு ஒட்டுவதுதான். கீழே விழுந்தால் கை கழன்று கட்டிலுக்கு அடியில் போய்விடும். கரைப்பான் பசைக்கு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், வாடை தலைக்கு ஏறும்.

வரலாற்றுக் கணக்கில் பெட்டி கொஞ்சம் அசால்ட்டு. 'பண்டைய கெல்ட்' என்று மேலே எழுதிவிட்டு நானூறு வருஷத்தை ஒரே சட்டத்தில் கொட்டியிருக்கிறார்கள். பொதுவாக வருகிற மோன்டெஃபோர்டினோ வகைத் தலைக்கவசம் எந்தக் காலத்துக்கும் ஓரளவு ஒத்துப்போகும். கூடவே உச்சியில் பறவை உட்கார்ந்த தலை ஒன்றும் இருக்கிறது. ருமேனியாவில் சியுமெஷ்டி என்ற ஊரில் 1961-ல் ஒரு கல்லறையில் கிடைத்த கவசத்தின் நகல் அது. நிஜக் கவசத்தில் பறவையின் இறக்கைகள் கீல் வைத்து மாட்டப்பட்டவை. அதைப் போட்டவன் ஓடும்போது இறக்கை அடித்துக்கொள்ளும். அபாரமான பொருள்தான், ஆனால் அகழ்வில் கிடைத்தது ஒன்றே ஒன்று. சட்டத்துக்கு ஒரு பறவை என்று கொடுத்தால் படையே பறவைப் பண்ணையாகிவிடும். நான் தளபதிக்கு மட்டும் வைத்தேன். மிச்சப் பறவைகள் டப்பாவில்.

இன்னொன்று, பெட்டியின் அட்டைப் படத்தில் பாதிப் பேர் உடம்பில் நீலக் கோலம். சீசர் அதைச் சொன்னது பிரிட்டன் தீவுக்காரர்களைப் பற்றி மட்டும். கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பக்கம்) நாட்டு ஆட்களுக்கு அதை அடிப்பது நம் விருப்பமே தவிர வரலாறு இல்லை. தேரும் அப்படித்தான். கி.மு. 225-ல் இத்தாலியில் டெலமோன் போரில் கெல்ட் படையின் இரு முனைகளிலும் தேர்கள் நின்றன. சீசர் கால் நாட்டுக்குள் நுழைந்த காலத்தில் அங்கே தேர் போய்விட்டது, பிரிட்டனில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே வாங்குவதற்கு முன்னால் எந்த வருஷம், எந்த ஊர் என்று முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். என் படை டெலமோன் படை. நம் பக்கம் அசோகர் இறந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த சமயம்.

டெலமோன் என்றால் ஆடையில்லாமல் சண்டை போட்ட கேசடாய் கூட்டத்தையும் சொல்ல வேண்டும். அவர்களுக்கென்றே தனிப் பெட்டி விற்கிறார்கள். புதரில் முள் துணியில் மாட்டிக்கொள்ளும் என்று கழற்றிப் போட்டார்கள் என்பது கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் சொல்லும் காரணம். கேடயம் முழு உடம்பையும் மறைக்கவில்லை, ஆள் எவ்வளவு பெரியவனோ அவ்வளவு சுலபமாக ரோமானிய எறியீட்டி பட்டது என்றும் அவரே எழுதுகிறார். அந்தப் பெட்டி எனக்கு வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள் என்பது ஒரு காரணம். துணியே இல்லாத ஆளை வைத்துக்கொண்டு துணிக்கடைக்காரி என்ன பண்ணுவது என்பது பெரிய காரணம்.

பெயின்டுக்குப் போவதற்கு முன்னால் நம் காற்றைப் பற்றி. வெளிநாட்டு வீடியோக்களில் ஸ்ப்ரே ப்ரைமரை (பெயின்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) சும்மா வாசலில் நின்று அடிக்கிறார்கள். கடலிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கிற நமக்கு அது நடக்காது. வெயில் உச்சத்தில் அடித்தால் பெயின்ட் பறக்கும்போதே காய்ந்து பொம்மைமேல் மாவு தூவிய சொரசொரப்பு வரும். ஈரக் காற்றில் மேட் வார்னிஷ் அடித்தால் வெள்ளை பூத்துவிடும். கோடையில் கடல்காற்று உள்ளே வருவதற்கு முந்தைய காலை நேரம் நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் ஸ்ப்ரேயைத் தொடவே தொடாதீர்கள், பிரஷ்ஷால் பூசும் ப்ரைமர் இருக்கிறது. எங்கள் மாடியில் தூசி வேறு. ஈர வார்னிஷ்மேல் கவிழ்த்து மூட ஒரு பிளாஸ்டிக் டப் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். தட்டில் பிழிந்த அக்ரிலிக் பெயின்ட் ஃபேன் காற்றில் ரெண்டு நிமிஷத்தில் தோல் கட்டும். மூடி போட்ட ஸ்வீட் பாக்ஸில் ஈர ஸ்பாஞ்ச், அதன்மேல் பட்டர் பேப்பர், அதன்மேல் பெயின்ட். மூடி வைத்தால் அடுத்த நாள் சாயங்காலம்வரை உயிரோடு இருக்கும்.

இப்போது துணி. டயோடோரஸ் கெல்ட் மேலாடையை விவரிக்கும்போது நெருக்கமாகப் பல நிறக் கட்டங்கள் போட்டது, குளிருக்குக் கனமானது, கோடைக்கு மெல்லியது, தோளில் ஊக்கு மாட்டி அணிவது என்கிறார். அது வெறும் பேச்சு இல்லை என்பதற்கு ஆஸ்திரியாவில் ஹால்ஸ்டாட் உப்புச் சுரங்கம் சாட்சி. அங்கே உப்பு காப்பாற்றிக் கொடுத்த பழந்துணித் துண்டுகளில் கட்டமும் உண்டு. சாயம் எது என்பதும் ஓரளவு தெளிவு. நீலத்துக்கு வோட் செடி, சிவப்புக்கு மேடர் வேர், மஞ்சளுக்கு வெல்ட். வோட் கொடுக்கும் நீலமும் நம் அவுரி கொடுக்கும் நீலமும் ஒரே பொருள். மேடரிலும் நம் சோழமண்டலக் கரைச் சாயவேரிலும் சிவப்பைக் கொடுப்பது அலிசரின் என்ற ஒரே சாயப்பொருள். ஆக, கடையில் பழைய சாயத் துணி பார்த்த கண் இருந்தால் கலர் தேர்வு பாதி முடிந்தது. நீலம், சிவப்பு, மஞ்சள், நீலத்தின்மேல் மஞ்சள் ஏற்றிய பச்சை, சாயமே போடாத கம்பளியின் பழுப்பும் சாம்பலும். இதற்கு வெளியே போகாதீர்கள். ரோஸ் கலர், மின்னும் ஊதா எல்லாம் அடித்த கெல்ட் படங்களை இணையத்தில் பார்க்கிறேன். தீபாவளி சேல்ஸ் ஞாபகம்தான் வருகிறது.

கட்டம் போடுவது எப்படி என்று சொல்லித்தரும் வீடியோக்கள் ஏராளம். பெரும்பாலானவை பச்சை அடித்து, அதன்மேல் மஞ்சளில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு இழுத்து முடித்துவிடுகின்றன. பார்த்தால் ஜன்னல் கம்பி தெரியும், துணி தெரியாது. தறியில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பாவில் (நெடுக்கு நூல்) ஒரு மஞ்சள் பட்டை, ஊடையில் (குறுக்கு நூல்) ஒரு மஞ்சள் பட்டை, மற்றதெல்லாம் பச்சை. மஞ்சள் பாவு பச்சை ஊடையைக் கடக்கும் இடத்தில் ஒரு நூல் மஞ்சள், ஒரு நூல் பச்சை, கண்ணுக்குத் தெரிவது இரண்டுக்கும் நடுவான நிறம். மஞ்சள் மஞ்சளைக் கடக்கும் சின்னச் சதுரத்தில் மட்டும்தான் முழு மஞ்சள். ஆகவே கோட்டைப் பச்சையும் மஞ்சளும் பாதிப் பாதி கலந்த நிறத்தில் இழுங்கள். காய்ந்ததும் கோடுகள் சந்திக்கும் இடங்களில் மட்டும் சுத்த மஞ்சளில் ஒரு புள்ளி. அவ்வளவுதான். சட்டென்று அது நெய்த துணியாகிவிடும். எங்கள் கடையில் எந்த லுங்கியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாலும் இதைப் பார்க்கலாம்.

மடிப்பு இன்னொரு விஷயம். போர்வை மடிகிற இடத்தில் கோடு நேராகப் போகக் கூடாது. மடிப்புக்குள் இறங்கும்போது கோடு மறைந்து, கொஞ்சம் தள்ளி வெளியே வர வேண்டும். இந்தப் பெட்டியில் போர்வை மடிப்புகள் ஆழமாக, துணியின் கனம் தெரியும்படி செதுக்கப்பட்டிருக்கின்றன. கோட்டை எங்கே உடைப்பது என்று அதுவே கை காட்டிவிடுகிறது. கால்சட்டை மட்டும் வழவழ. மூட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு சுருக்கம், அவ்வளவுதான். அங்கே கட்டம் வேண்டாம், நெடுக்குக் கோடு போதும்.

கட்டத்தின் அளவையும் பாருங்கள். இந்தப் பொம்மைகள் நிஜ ஆளில் அறுபதில் ஒரு பங்குக்குப் பக்கம். நீங்கள் இரண்டு மில்லிமீட்டர் கட்டம் போட்டால் நிஜத்தில் அது ஏறக்குறைய நாலே முக்கால் அங்குலம். எங்கள் கடையில் பெரிய கட்டம் என்று கேட்டு வாங்குகிற லுங்கியிலேயே கட்டம் அவ்வளவு பெரிதாக இருக்காது. அளவுப்படி சரியாகப் போட்டால் கண்ணுக்கே தெரியாது என்பதால் ஒன்றரை மில்லியில் சமரசம் பண்ணிக்கொண்டேன். பிரஷ் மூன்று சைபர் வேண்டாம், நுனி நல்ல ஒரு சைபர் வாங்குங்கள். ரொம்பச் சின்ன பிரஷ் நம் வெயிலில் பொம்மையைத் தொடுவதற்குள் காய்ந்துவிடும். போர்வைகளுக்கு ஸ்டேஷனரிக் கடை ஃபெவிக்ரில் தண்ணீர் கலந்து இரண்டு பூச்சு தாராளமாகப் போதும். முகத்துக்கும் கைக்கும் மட்டும் வல்லேஹோ மினியேச்சர் பெயின்ட் வைத்திருக்கிறேன்.

இப்படி ஒவ்வொரு போர்வையாக முடிப்பது மெதுவான வேலை. அவசரக்காரர்களுக்கு ஒரு வழி: மூன்று பேரில் ஒருவனுக்கு மட்டும் கட்டம், இன்னொருவனுக்குக் கரை மட்டும், மூன்றாமவன் சாதா. முன்வரிசைக்குக் கட்டக்காரர்களை நிறுத்துங்கள். பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் கட்டம் என்று நம்பிவிடுவார்கள். துணிக்கடை ஷோகேஸ் வேலை பார்ப்பதும் இதே கணக்கில்தான். நம் பக்கம் கட்டத்துணி பழைய தொழில். கவர்னர் ஜோசப் காலெட் 1717-லிருந்து 1720 வரை இருந்த காலத்தில் திருவொற்றியூர்ப் பக்கம் காலடிப்பேட்டையில் நெசவாளர்களைக் குடியேற்றினார். மெட்ராஸ் கைக்குட்டைக் கட்டம் இந்தக் கடற்கரையிலிருந்து கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவரை போனது. அந்த வகைச் சிவப்பும் நீலமும் சேர்ந்த கட்டத்தை என் கொடிக்காரனுக்குப் போட்டேன். வரலாற்றுப்படி தப்பு என்று யாராவது நிரூபித்தால் மாற்றிக்கொள்கிறேன்.

தலைமுடி சுலபம், ஆனால் படைக்கே முகம் அதுதான். கெல்ட் ஆட்கள் முடியைச் சுண்ணாம்பு நீரில் அலசி நெற்றியிலிருந்து பின்னால் வாரிவிடுவார்கள், முடி தடித்துக் குதிரைப் பிடரியாகிவிடும் என்கிறது பழைய குறிப்பு. செதுக்கியவர் அதைப் படித்திருக்கிறார். கவசம் இல்லாத தலைகளில் பாதி அந்தச் சுண்ணாம்புத் தலைகள். எல்லாவற்றையும் வெள்ளையடித்துவிடாதீர்கள். வேரில் பழுப்பு, நடுவில் வெளிர் மஞ்சள், நுனியில் மட்டும் வெள்ளை.

கேடயத்துக்கு வருவோம். பெட்டியில் வருபவை நீள்வட்டக் கேடயங்கள், நடுவில் நெடுக்காக முதுகெலும்பு மாதிரி ஒரு மேடு. ஸ்விட்சர்லாந்தில் லா டெனில் கிடைத்த மரக் கேடயங்களின் வடிவம் அதுதான். மேலே என்ன வரைந்திருந்தார்கள் என்பதற்கு நேரடிச் சான்று மிகக் குறைவு. விற்கும் டிசைன்களில் பல, உலோக வேலைப்பாட்டுச் சுருள்களிலிருந்து எடுத்தவை. கையால் வரைய முடியாதவர்களுக்கு லிட்டில் பிக் மென் ஸ்டுடியோஸ் போடும் ஒட்டுப்படங்கள் அருமை. கேடயத்துக்கு வெள்ளை அடித்து, நடுமேட்டுக்கு ஓட்டை வெட்டி, மேல்தாளை உரித்து, கவிழ்த்து வைத்து, பின்பக்கம் நனைத்துத் தாளை வழுக்கி எடுத்தால் படம் உட்கார்ந்துகொள்ளும். விலை மட்டும் உறைக்கும், கிட்டத்தட்ட இன்னொரு அரைப்பெட்டிக் காசு. முன்வரிசைக்கு மட்டும் வாங்கி, பின்வரிசைக்கு ஒற்றை நிறமும் விளிம்பும் போட்டேன். பின்வரிசைக் கேடயத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

பெட்டியின் பெரிய பலவீனம் ஈட்டி. பிளாஸ்டிக்கில் அவ்வளவு மெல்லியதாக வார்த்தால் கை பட்டாலே வளையும், விளையாட்டில் கட்டாயம் உடையும். உடையும்வரை காத்திருக்காமல் முதலிலேயே வெட்டிப்போட்டுவிட்டு, கையில் ஊசியால் ஓட்டை போட்டு, தரை தேய்க்கும் பிரஷ்ஷின் தடித்த நைலான் முள்ளைச் செருகுங்கள். வளைந்தாலும் நிமிர்ந்துவிடும். ஈர்க்குச்சியும் வைத்துப் பார்க்கலாம், நேரானதாகப் பொறுக்க வேண்டும். நீளம் நாலு சென்டிமீட்டர் போதும்.

நிறுத்துவதற்கு பேஸ் (அடித்தட்டு) வேண்டும். அட்டையும் எம்டிஎஃப்பும் நம் ஈரத்தில் பசை பட்டதும் வளைந்துவிடும். சைன்போர்டுக் கடையில் கழிவாக விழும் மூன்று மில்லி சன்போர்டை (பிளாஸ்டிக் நுரைப் பலகை) கேட்டால் சும்மாவே தருவார்கள். வளையாது, கத்தியில் வெட்டலாம். மேலே சலித்த மணல், ஃபெவிகால். காசிமேட்டுக் கடற்கரை மணல் என்றால் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள், உப்பு பூக்கும்.

இந்தப் பெட்டி எத்தனை பேருக்கு வரும் என்பதுதான் வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி. நாங்கள் ஆடுவது டி.பி.ஏ. என்ற விதிமுறை, 1990-ல் வந்தது. ஒரு படைக்குப் பன்னிரண்டு பேஸ்தான். இந்த அளவுப் பொம்மைக்கு ஒரு பேஸ் 60 மில்லிமீட்டர் அகலம், கெல்ட் கூட்டத்துக்குப் பேஸுக்கு மூன்று அல்லது நாலு பேர். ஆக ஒரே பெட்டியில் காலாட்படை முழுவதும் முடிந்து ஆள் மிஞ்சும். தளபதிக்கும் இன்னும் சில பேஸுக்கும் மட்டும் குதிரையோ தேரோ தனியாக வாங்க வேண்டும். இரண்டு காலாட்பெட்டி ஒன்றாக வாங்கினால் தள்ளுபடி என்று கூவுவார்கள், காதில் வாங்காதீர்கள்.

மேஜையும் வேண்டாம். கேரம் போர்டு பிரேமோடு சேர்த்தால் கிட்டத்தட்ட மூன்றடி. அதன்மேல் ஒரு பிளைவுட், அதன்மேல் பச்சைத் துணி விரித்தால் களம் தயார். புது வண்ணாரப்பேட்டை காஸிமா 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய பிறகு, சந்துப் பசங்களிடம் போர்டைக் கேட்டால்தான் முறைக்கிறார்கள்.

ஆட்டத்தில் கெல்ட் எப்படி? ரோமானிய வாள்வீரனுக்கு எதிர்க் காலாளிடம் ஐந்து புள்ளி, கெல்ட் கூட்டத்துக்கு மூன்றுதான். ஆனால் பகடை கை கொடுத்து கெல்ட் ஒரு புள்ளியில் ஜெயித்தாலும் எதிர் பேஸ் பின்வாங்காது, ஒரேயடியாக ஒழிந்துபோகும். முதல் மோதலில் உடைத்தால் உடைத்தது, இல்லையென்றால் நாம் காலி. கால் நாட்டு ஆட்கள் சண்டையின் தொடக்கத்தில் ஆண்களைவிட மேல், முடிவில் பெண்களைவிடக் கீழ், வெயிலும் களைப்பும் தாங்காத உடம்பு என்று ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதினார். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவரை எம்.சி. ரோட்டில் காலை ஒன்பது மணிக்கு நிற்கவைத்து, ராத்திரி பதினொன்றுக்குக் கல்லாவில் யார் நிற்கிறார்கள் என்று காட்ட வேண்டும்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: செதுக்கலுக்குப் பத்துக்கு ஒன்பது, ஈட்டிக்கு மூன்று, விலைக்கு கஸ்டம்ஸைக் கேளுங்கள். புதிதாக பிரஷ் பிடிப்பவர்கள் இதில் ஆரம்பிக்கலாமா என்றால், தாராளமாக. கோணலான கோடு ரோமானியக் கேடயத்தில் அசிங்கம், கெல்ட் போர்வையில் அது கைத்தறி.

அப்புறம், மிஞ்சும் தலைகளைத் தூக்கிப் போடாதீர்கள். கெல்ட் வீரர்கள் வெட்டிய எதிரித் தலையைக் குதிரைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வீடு திரும்புவார்கள், பெரிய ஆளின் தலை என்றால் தேவதாரு எண்ணெயில் பதப்படுத்திப் பெட்டியில் வைத்து விருந்தாளிக்குக் காட்டுவார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். குதிரைப் பெட்டி வந்ததும் எனக்கு அந்த வேலை இருக்கிறது. கெல்ட் தலையை கெல்ட் குதிரையில் மாட்ட முடியாது, ரோமானியத் தலை வேண்டும். அக்கா பையன் தன் பெட்டியில் மிஞ்சியதில் நாலைந்து தர ஒப்புக்கொண்டிருக்கிறான். பதிலுக்கு பர்மா பஜார் பக்கம் ஒரு தட்டு அத்தோ நூடுல்ஸும் இரண்டு முட்டை பேஜோவும் கேட்கிறான். ஒரு பேஜோவில் பேசி முடிக்கப் பார்க்கிறேன்.